இத்தாலிய ஓபராவும் என் நன்றியுரையும்

நன்றி சொல்லிக் குடும்பத்தைப் பிரித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் சொத்துக்காகப் பிரிப்பார்கள், கோள் சொல்லிப் பிரிப்பார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, முகம் கொள்ளாத சிரிப்போடு, 'இந்தப் பெருமையெல்லாம் அவரையே சாரும்' என்று சொல்லிப் பிரித்தேன். அதற்காக எனக்குப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஓர் இத்தாலிய ஓபரா. பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாராவது எடுத்தால், பாதிச் சாப்பாட்டில் ஒருத்தர் கை கழுவ எழுந்துவிடுவார். விஷயம் தெரிந்தவர்களுக்கு அடையாளம் மட்டும் சொல்கிறேன். பாரிஸில் ஆடம்பரமாக வாழும், ஆனால் ஊர் மதிக்காத ஒரு பெண். அவளுக்குக் காசநோய். நல்ல குடும்பத்துப் பையன் ஒருவன் அவளை உயிராக நேசிக்கிறான். இரண்டாவது அங்கத்தில் பையனின் அப்பா வருகிறார். (பையனின் அப்பா வந்துவிட்டால் அப்புறம் பாரிஸ் என்ன, லால்குடி என்ன?)

என் அண்ணன் சபாபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெக்சஸில், பிளானோவில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி அவர் வீடு. அண்ணி போய்ப் பல வருஷமாகிறது. பரணி, நித்யா இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக வளர்த்தார். நித்யாவுக்கு ஜடை பின்ன வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்த ஜடை கொஞ்சம் இடப்பக்கமாகவே சாய்ந்திருக்கும், ஆனால் ஒரு நாளும் அவிழ்ந்ததில்லை. பரணிக்கு அப்பா என்றால் உயிர். வேலை கிடைத்துத் தனி அபார்ட்மெண்ட் போன பிறகும், தினம் சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பும்போது காரிலிருந்தே கூப்பிட்டு, டிராஃபிக் எந்த எக்ஸிட்டில் நிற்கிறது என்பது வரைக்கும் அப்பாவிடம் ஒப்பிப்பான். நான் போட்டு உடைத்தது அந்த ஃபோன் காலைத்தான்.

பரணிக்கு வினோதினி என்று ஒரு சிநேகிதி இருந்தாள். பக்கத்து ஊர் இர்விங்கில் வேலை. ஒரு கல்யாணம் ஆகி, விவாகரத்தும் ஆனவள். ஓபரா என்றால் பைத்தியம். இவனையும் அவள்தான் இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கினாள். கல்யாணம் வரை பேச்சு வந்தது. பிறகு ஒரு நாள் அவளாகவே விலகிவிட்டாள். ஃபோனில் காரணம் கேட்டதற்கு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம். அது என்ன வாக்கியம் என்று பரணி யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அப்போதே தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

அந்த வருஷம் டாலஸில் அந்த ஓபரா போட்டார்கள். பரணி கூப்பிட்டான்.

"அத்தை, ரெண்டு டிக்கெட் இருக்கு. ஒண்ணு வேஸ்ட்டா போகுது. வர்றீங்களா?"

ஒன்று ஏன் வேஸ்ட்டாகப் போகிறது என்று கேட்கத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. ஓசி டிக்கெட் என்றதும் பட்டுப்புடவையை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டேன். வினோதினிக்கு வாங்கின சீட்டில், அவளுக்குப் பதிலாக, மயில் கழுத்துக் கலர் பட்டில் நான் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பரணி கோட்டுப் போட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்தான்.

மேடைக்கு மேலே ஓடுகிற இங்கிலீஷ் வரிகளைப் படித்துக் கதையைப் பிடித்துக்கொண்டேன். முதல் அங்கத்தில் விருந்து, மதுக்கோப்பை, மூன்று தட்டில் சுழலுகிற தாளம். என் கால் தானாக ஆடியது. பிறகு அந்த அப்பா வந்தார். நல்ல கட்டைக் குரல். கத்தப் போகிறார், கிளைமாக்ஸ் மாதிரி ஏதோ நடக்கப் போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கத்தவில்லை. தொட்டில் ஆட்டுகிற மாதிரியான ஒரு மெட்டில், தனக்கு ஒரு பெண் இருக்கிறாள், நீ என் பையனோடு இருந்தால் அவள் கல்யாணம் நின்றுபோகும் என்று நிதானமாகப் பாடினார். அவள் மறுக்கிறாள், அவள் பாட்டு துண்டு துண்டாக, மூச்சுத் திணறலோடு வருகிறது. அவர் தன் மெட்டை மாற்றிக்கொள்வதே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இவள் குரல் அவருக்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. சம்மதம் வாங்கிய பிறகு அவரே அவளுக்கு ஆறுதலும் சொல்கிறார். இப்படி மரியாதையாக ஒருத்தியின் வாழ்க்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவதை நான் அதுவரை பார்த்ததில்லை. (பார்த்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

கடைசி அங்கத்தில் வயலின்கள் மேல் ஸ்தாயியில் இழையாக நின்றன. காதலன் ஓடி வருகிறான், அப்பாவும் மனம் வருந்தி வருகிறார், அவளுக்கு நேரம் தீர்ந்துவிட்டது. நான் வாய்விட்டு அழுதேன். முன் வரிசை அம்மாள் திரும்பிப் பார்த்து டிஷ்யூ பாக்கெட்டை முழுசாகவே கொடுத்துவிட்டார். பரணி அழவில்லை. திரை இறங்கி, கைத்தட்டி முடித்து, ஜனம் கிளம்பின பிறகும் எழுந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் டோல்வேயில் அவன் அந்த ஓபராவின் பூர்வீகத்தைச் சொன்னான். நிஜமாகவே பாரிஸில் வாழ்ந்து இளம் வயதில் செத்துப்போன ஒருத்தியை வைத்து முதலில் பிரெஞ்சில் நாவல், பிறகு நாடகம், அதற்குப் பிறகுதான் இத்தாலியில் இசை. வெனிஸில் முதல் நாளே படுதோல்வி. காசநோயில் உருகிச் சாக வேண்டிய நாயகியாகப் பாடியவர் நல்ல புஷ்டியான உடம்புக்காரர். சாகும் காட்சியில் ஜனம் சிரித்துவிட்டது. தங்கள் காலத்துக் கதையாகக் காட்டினால் வம்பு என்று அதிகாரிகள் பழைய காலத்து உடுப்பைப் போடச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் அங்கங்கே திருத்தி, அதே ஊரில் வேறு அரங்கில் போட்டபோது ஊரே கொண்டாடியது. இன்றைக்கு உலகத்தில் அதிகம் மேடையேறும் ஓபராக்களில் அதுவும் ஒன்று.

"அழ வேண்டிய எடத்துல சிரிச்சாங்க, அத்தை. அதான் எனக்கு எப்பவும் ஞாபகம் வரும்" என்றான் பரணி.

நான் அதைக் காதில் வாங்கினேனா என்றால் இல்லை. என் மூளை அப்போது வேறு வேலையில் இருந்தது. எனக்கு ஒரு வியாதி உண்டு: எதைக் கொடுத்தாலும் பட்டிமன்றத் தலைப்பாக மாற்றிவிடுவேன். எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்தில் இட்லியா தோசையா, டெக்சஸா நியூ ஜெர்சியா என்று பேசிப் பேசி எல்லாருக்கும் சலித்துப்போயிருந்த நேரம். கார் வீட்டு வாசலில் நிற்பதற்குள் பொங்கல் விழாவுக்குத் தலைப்பு தயார்: 'இத்தாலிய நாயகியிடம் அந்தத் தந்தை கேட்டது சரியே! தவறே!'

மன்றத்தில் முதலில் முழித்தார்கள். நடுவராக எப்போதும் வரும் டாக்டர் ராமலிங்கம் அங்கிள், "எதுக்கும்மா இவ்வளவு சுத்தறீங்க, அந்தப் பொண்ணு டிபிலதானே செத்தா?" என்று கேட்டார். நடுநடுவே ஓபராவின் பாட்டுகளை ஒலிபரப்பி விளக்கலாம், புதுமையாக இருக்கும் என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அப்பாவுக்கு ஆதரவாக நான். எதிரணியில், இளைய தலைமுறை என்ற கணக்கில், பரணி. அவன் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். ஆனாலும் அந்த இசையை நம் ஆட்கள் கேட்கட்டும் என்பதற்காக ஒப்புக்கொண்டான்.

அப்புறம்தான் பேச்சை எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு ஆதரவாகப் பேச என்னிடம் ஒரு வரிகூட இல்லை. கண்ணீர் விட்டதெல்லாம் அந்தப் பெண்ணுக்காக அல்லவா? அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கதையைச் சொல்லி, "ஒரு அப்பா அந்தப் பொண்ணுகிட்ட போய் என்னண்ணா பேசுவார்? நீ சொல்லேன்" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார்.

"மொதல்ல அவ நல்ல பொண்ணுன்னு சொல்லணும்" என்றார். "அது பொய்யும் இல்ல. நான் உன்னைக் குறை சொல்ல வரலைம்மா, உன்கிட்ட கேக்கத்தான் வந்திருக்கேன். எனக்குத் தாயில்லாப் பொண்ணு ஒண்ணு இருக்கு. பாக்க வர்றவங்க என் வீட்டைத்தான் மொதல்ல பாப்பாங்க. நீ கொஞ்சம் நகர்ந்து நின்னாதாம்மா அவ வாசல் தாண்ட முடியும். என் பையன்கிட்ட சொல்லாத. அவன் சண்டைக்கு வருவான். நீ சொன்னா கேட்டுப்பான்... இப்படித்தான் பேசுவார்."

எனக்குப் புல்லரித்துவிட்டது.

"என்னண்ணா, நேர்லயே போய்ப் பேசிட்டு வந்தவன் மாதிரி சொல்ற" என்றேன்.

அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவ ஆரம்பித்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. நான் அங்கேயே நின்று அந்த வரியை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தச் சமையலறைக்குள் நுழைந்தால் எனக்கு நானே நாலு அறை கொடுத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

பொங்கல் விழா ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில். பின்னால் கேசரியும் வெண்பொங்கலும் சூடாக இருந்தன, குழந்தைகள் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் இரண்டாவது வரிசையில், பக்கத்தில் நித்யா, அதற்குப் பக்கத்தில் என் கணவர். நித்யாவுக்குத் திருச்சியிலிருந்து ஒரு நல்ல இடம் முடிவாகியிருந்தது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

நான் பேசினேன். என்ன சொல்ல, அன்றைக்கு மாதிரி நான் எப்போதும் பேசியதில்லை. அந்தத் தொட்டில் மெட்டை ஒலிக்கவிட்டு, அதன் மேலேயே அண்ணன் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன். 'நீ கொஞ்சம் நகர்ந்து நின்னாதாம்மா என் பொண்ணு வாசல் தாண்ட முடியும்' என்றபோது நாலைந்து ஆன்ட்டிகள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். கைத்தட்டல் ஓய நேரம் பிடித்தது. நான் எதிரணியைப் பார்த்து, இதற்குப் பதில் இருக்கிறதா என்பதுபோல் ஒரு பார்வை வேறு பார்த்தேன். பரணி என்னைப் பார்க்கவில்லை. மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முறை வந்தது. மைக் முன்னால் வந்து நின்றான்.

"அத்தை, ஒரு கொஸ்டின். அந்த வாசல் லைன். அது ஓபராலயே இல்ல. நீங்க எழுதினீங்களா?"

இந்த இடத்தில்தான் தமிழ் மேடைகளில் நான் இருபது வருஷம் ஊறிப்போயிருந்தது என் காலை வாரியது. ஒரு பாராட்டு வந்தால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது, உரியவருக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது எங்கள் மேடைப் பண்பாடு. என் மைக்கை ஆன் செய்தேன். எழுந்து நின்றேன். இரண்டாவது வரிசையை நோக்கிக் கையை நீட்டினேன்.

"எனக்கு ஏதுப்பா அந்தத் திறமை? ஒவ்வொரு வார்த்தையும் உங்கப்பா சொல்லிக் குடுத்தது. இந்தப் பெருமையெல்லாம் அவரையே சாரும். எல்லாரும் அவருக்கு ஒரு கைத்தட்டல் குடுங்க."

எல்லாரும் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

பரணி அப்பாவைப் பார்த்தான். அண்ணன் எழுந்திருக்கவுமில்லை, கும்பிடவுமில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு குனிதலில் நித்யாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டதை மேடையிலிருந்து பார்த்தேன். எனக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. அடக்கமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

"தட்ஸ் இட். ஐ ஹேவ் நத்திங் டு சே" என்றான் பரணி. மைக்கை அணைத்து, அலுங்காமல் மேஜையில் வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனான். அதையும் ஏதோ புதுமாதிரி வாதம் என்று நினைத்துச் சபை மறுபடி கைத்தட்டியது.

டாக்டர் அங்கிள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். "தந்தையும் குற்றவாளி இல்ல, மகனும் குற்றவாளி இல்ல. கிருமிதான் குற்றவாளி. அன்னைக்கு மாத்திரை இருந்திருந்தா இந்த ஓபராவே இல்ல." சபை சிரித்தது. பிறகு எனக்குப் பொன்னாடை. பரணி இல்லாததால், "அவர் சார்பா அவரோட அப்பாவை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார். அண்ணன் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். மகனுக்கு வந்த பொன்னாடையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு, ஃபோட்டோவுக்கு நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார். அவர் கேமராவைப் பார்க்காமல் பரணி போன பக்கவாட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

காரில் கேட்டேன். "அந்தப் பொண்ணைப் போய்ப் பார்த்தியாண்ணா?"

"பார்த்தேன்."

"எங்க?"

"இர்விங்ல, அவ அபார்ட்மெண்ட்ல. காபி போட்டுக் குடுத்தா. சக்கரை எவ்வளவுன்னு கேட்டா. நல்ல பொண்ணு, ரேவதி."

"அப்புறம் ஏண்ணா?"

"திருச்சிக்காரங்க அவளைப் பத்தி விசாரிச்சாங்க. நித்யாவுக்கு அம்மா இருந்தா அவ பேசியிருப்பா. நான் என்ன பண்ணுவேன்?" என்றார். பொன்னாடை அப்போதும் தோளிலேயே இருந்தது.

நித்யா ஒரே வாரத்தில் திருச்சி சம்பந்தத்தை நிறுத்தினாள். "நோபடி ஆஸ்க்டு மீ, அப்பா" என்று மட்டும் சொன்னாள். பரணி வினோதினியைத் தேடிப் போனான். அவளுக்கு வேறு யாருமில்லை, நோயுமில்லை, நன்றாகத்தான் இருந்தாள். கதவைத் திறந்து உட்கார வைத்துப் பேசினாளாம். 'உங்கப்பா வந்து கேட்டார். நீ ஒரு தடவைகூட நேர்ல வந்து ஏன்னு கேக்கல. நான் குடுத்த பொருளையெல்லாம் பார்சல்ல திருப்பி அனுப்பின' என்றாளாம். ஓபராவிலாவது கடைசியில் எல்லாரும் அவள் கட்டிலைச் சுற்றி வந்து நிற்கிறார்கள்.

இதையெல்லாம், விலகும்போது வினோதினி சொன்ன அந்த ஒரே வாக்கியம் இதே வாசல் வரிதான் என்பதையும், பரணிதான் என்னிடம் சொன்னான், மேற்குக் கரையில் பே ஏரியாவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போவதற்கு முன்னால். "நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. தேங்க்ஸ், அத்தை" என்றான். நிஜமாகவே சொன்னான். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த நன்றிகளிலேயே தாங்க முடியாதது அதுதான். அப்பாவோடு அவன் பேச்சை நிறுத்தினான். சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்தில் அண்ணன் ஃபோனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பார். பரணி எனக்குத்தான் கூப்பிடுவான். நான் அண்ணன் வீட்டில் இருக்கும்போது அவன் கால் வந்தால், எடுப்பதா விடுவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன வருஷம் நித்யாவுக்குக் கல்யாணம் ஆனது. அவளே தேர்ந்தெடுத்த பையன். யாரும் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. பரணி வந்தான். பொரியிடும் நேரத்தில் அண்ணன் பொரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரணி அதிலிருந்து அள்ளித் தங்கை கையில் போட்டான், தட்டைப் பிடித்திருக்கும் ஆளை நிமிர்ந்து பார்க்காமலே. வாத்தியார் போதும் என்று சொன்ன பிறகும் அண்ணன் தட்டை நீட்டியபடியே இருந்தார்.

சாயங்கால ரிசப்ஷனில், விவரம் தெரியாத டிஜே பையன் "பொண்ணோட அத்தை ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டான். எங்கள் சொந்தம் மொத்தமும் நாற்காலியை விட்டு எழுந்தது. மேடையிலிருந்து மணப்பெண்ணே புடவையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்து பிடுங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் பயந்தே போனார்கள். அன்றிலிருந்து எங்கள் உறவில் எந்த விசேஷத்துக்கு அழைத்தாலும், "வாங்க அத்தை, சாப்பிடுங்க, மைக் பக்கம் மட்டும் போகாதீங்க" என்று சொல்லித்தான் அழைக்கிறார்கள். அன்றைக்குப் பரணியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்தப் பக்கம் அண்ணனும் சிரித்தார். இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்துப் பல வருஷமாகியிருந்தது.

மறுநாள் பரணி கிளம்பினான். வாசலில் நானும் அண்ணனும் அவனும் நின்றோம். அண்ணன் கையில் கார் சாவி.

"ஏர்போர்ட்டுக்கு நான் கொண்டு விடட்டுமா?" என்று கேட்டார்.

"கேப் புக் பண்ணிட்டேன். பரவால்ல" என்றான் பரணி. கேப் வந்தது, போய்விட்டான்.

அண்ணன் தெரு முனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பரவால்லன்னு எங்கிட்டதானே சொன்னான், ரேவதி?"

பரணி அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாண்ணா" என்றேன். "உன்கிட்டதான் சொன்னான்."